பதினான்கு பெண்கள் வைத்த விலை

மதுரை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் கைப்பையிலிருந்து அந்தக் கருவியை எடுத்து, செல்போனா சோப்புப் பெட்டியா என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குடித்திருக்கிறார்களா என்று ஊதிப் பார்க்கிற கருவி என்றேன். போலீஸா என்று கேட்டார். இல்லை, கிளாஸ்கோவில் நர்ஸ் என்றேன். அப்படியானால் இது யாருக்கு என்றார். போடியில் இருக்கிற தங்கைக்கு, தினமும் காலையில் ஒரு ஜீப் டிரைவரை ஊதவைத்துப் பார்க்க வேண்டுமாம் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் என்னை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன் கையாலேயே அதைப் பையில் வைத்து ஜிப்பை மூடினார். தன் வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

பேச்சியம்மாள் என் சித்தி மகள். நான் மதுரைக்காரி, போடி எனக்கு விருந்தாளியாக வந்துபோகிற ஊர்தான். பேச்சி இருபது வருஷமாக மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறாள். காலை ஆறு மணிக்கு ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி கேரள எல்லைக்குள் இருக்கிற எஸ்டேட்டில் இறங்கி, சாயங்காலம் திரும்புகிற வேலை. அவள் போகும் ஜீப்பில் பதினான்கு பெண்கள். ‘அக்கா, வரயில ஊதுற மிஷினு ஒண்ணு கொண்டா’ என்று போனில் கேட்டிருந்தாள். இங்கேயே கடையில் கிடைக்குமே என்றேன். இங்கே வாங்கினால் டிரைவர்கள் மிஷின் கோளாறு என்று வாதாடுவார்களாம். சீமை மிஷின் என்றால் வாயை மூடிக்கொள்வார்களாம்.

தேனி தாண்டியதும் பஸ் பஞ்சர். பகல் ஒரு மணி. பயணிகளில் ஒருவர் நல்ல போதையில் இருந்தார். யாரும் கூப்பிடாமலே உதவிக்கு இறங்கி, ஜாக்கிக்குப் பக்கத்திலேயே காலை நீட்டிப் படுத்துவிட்டார். கண்டக்டர் அவரைத் தோளோடு தூக்கி வேப்பமர நிழலில் கிடத்தினார். ‘அண்ணே, ஒன்னைய ஸ்டெப்னின்னு நெனச்சு மாட்டிரப் போறாக’ என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு, இதே மனிதர் என் வார்டில் எந்தக் கட்டிலில் வந்து படுப்பார் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. கல்லீரல் வார்டில் இருபது வருஷம் வேலை பார்த்தால் யாரைப் பார்த்தாலும் கண்ணின் மஞ்சளைத்தான் முதலில் பார்க்கத் தோன்றும்.

பேச்சி வீட்டில் கருவாட்டுக் குழம்பும் சுடுசோறும். சாப்பிட்டுக்கொண்டே நான் என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். எங்கள் நாட்டில், ஸ்காட்லாந்தில், ஒரு சட்டம் இருக்கிறது. பாட்டிலில் எவ்வளவு போதைச் சத்து இருக்கிறதோ அதற்குத் தக்கபடி, இந்த விலைக்குக் கீழே விற்கக்கூடாது என்று ஒரு அடிவிலை. தண்ணீரைவிட மலிவாக விற்ற ஆப்பிள் மது பாட்டில்கள் அதோடு ஒழிந்தன. அங்கே நான் அந்தச் சட்டத்துக்காகக் கையெழுத்து வாங்கித் திரிந்தவள். இங்கேயும் அப்படிச் செய்தால் பாதிக் குடி குறைந்துவிடும் என்றேன்.

“ஒங்க நாடாக்கா?” என்றாள் பேச்சி, சோற்றைப் போட்டுக்கொண்டே. அதில் கொஞ்சம் கிண்டல் இருந்தது. பிறகு கிண்டல் இல்லாமல் சொன்னாள்: “இங்க வருசா வருசம் வெல ஏறிக்கிட்டுத்தான இருக்கு. எங்க வீட்டுக்காரரு ஒரு கிளாசு கொறைக்கல. மொத தடவ ஏறயில நான் முட்டைய நிறுத்துனேன். அடுத்து ஏறயில பால நிறுத்துனேன். அவரு நிறுத்தல, அவரு மூச்சுத்தான் நின்னுச்சு.”

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இதையே கிளாஸ்கோவிலும் கேட்டிருக்கிறேன். விலை ஏறியதும் என்ன செய்தீர்கள் என்று ஒரு நோயாளியிடம் கேட்டபோது, ‘குளிருக்கு ஹீட்டர் போடுவதை நிறுத்தினேன் சிஸ்டர்’ என்றார் அவர். அந்தப் பதிலை நான் எந்தக் கூட்டத்திலும் எடுத்துச் சொன்னதில்லை.

பேச்சியின் தம்பி செல்வம் மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன்தான் அந்த ஜீப்புக்கு டிரைவர். ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவன். எட்டு மாசமாகத் தொடவில்லை. அவன் மனைவி கவிதா கோபித்துக்கொண்டு குழந்தையோடு தேவாரம் என்கிற ஊரில் அம்மா வீட்டில் இருக்கிறாள். தை பிறந்ததும் வருகிறேன், ஆனால் அன்றைக்கும் ஸ்டியரிங் உன் கையில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை, அந்தப் பெண்கள் நம்பி ஏறுகிற மனிதனை அவளும் நம்பலாம். அவ்வளவுதான் கணக்கு.

“எனக்கு வெல ஏறுனப்ப கொறஞ்சுச்சுக்கா, பொய் சொல்லக்கூடாது,” என்றான் செல்வம். “தெனமும் குடிச்சவன் வாரத்துல ரெண்டு நாளுன்னு ஆனேன். ஆனா விட்டது வெலையால இல்ல.”

எதனால் என்று கேட்டேன், காலையில் ஜீப் நிற்கிற இடத்துக்கு வந்து பாருங்கள் என்றான். பேச்சி அவனுக்கு இன்னொரு கரண்டிக் குழம்பு ஊற்றினாள்.

மறுநாள் காலை ஜீப் நிற்கிற இடத்துக்குப் போனபோதுதான் விஷயமே புரிந்தது. வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு ஜீப்புகள். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள். பக்கத்து டீக்கடையில் கூட்டம். கொதிக்கிற பாலில் கடைக்காரர் ஏலக்காயைத் தட்டிப் போடுகிற மணம் தெரு முழுக்க. ஆனால் டிரைவர்கள் மட்டும் கடைக்காரரிடம் தனியாகச் சொல்லி, ஏலக்காய் போடாத டீ வாங்கிக் குடித்தார்கள். ஏலக்காய்க்கே பேர்போன ஊரில் இது என்ன கூத்து என்று கேட்டேன்.

பதில் சொன்னவர் மாயக்காள். அந்த ஜீப்பில் மூத்தவர், பேச்சுக்குப் பேச்சு சிரிக்கிற ஜாதி இல்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு விடியலில் டிரைவர் போதையில் ஓட்டிய ஜீப் வளைவில் கவிழ்ந்தது. அதில் போன அவருடைய மருமகள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அந்த ஜீப்புப் பெண்கள் ஒரு வழக்கம் வைத்தார்கள். வண்டி எடுக்கும் முன்பு டிரைவர் மாயக்காள் முகத்துக்கு நேராக ஊத வேண்டும். வாடை அடித்தால் யாரும் ஏற மாட்டார்கள். டிரைவர்கள் சும்மா இருப்பார்களா, வாயில் நாலு ஏலக்காயைப் போட்டு மென்றுகொண்டு வந்து ஊதினார்கள். நாள் முழுக்க ஏலக்காய்க்குள்ளேயே புழங்குகிற பெண்களின் மூக்குக்கு அதற்குள் ஒளிந்திருப்பது பிடிபடவில்லை. கொஞ்ச நாள் ஏமாந்தார்கள். பிறகு ஒரே போடாகப் போட்டார்கள்: காலையில் ஏலக்காய் வாசம் அடித்தாலே வண்டி ஏறுவதில்லை. மற்ற ஜீப்புப் பெண்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஒருமுறை கல்யாண வீட்டில் பாயாசம் குடித்துவிட்டு வந்த அப்பாவி ஒருவரையும் இறக்கிவிட்டுவிட்டார்களாம். அந்தத் தப்பு மறுபடி நடக்கக்கூடாது என்றுதான் மிஷின் வேண்டுமென்று பேச்சி கேட்டாள்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துபோனது. எத்தனை அறிக்கை, எத்தனை கமிட்டி பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு விதியை யாரும் எழுதி நான் படித்ததில்லை.

செல்வம் வந்தான். நான் மிஷினில் புதுக் குழாயைச் செருகிக் கொடுத்தேன். ஒவ்வொருவருக்கும் புதுக்குழாய், ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவர் வைக்கக்கூடாது என்று பெரிய நர்ஸம்மா தோரணையில் சொன்னேன். அவன் ஊதினான். பச்சை விளக்கு எரிந்தது. பெண்கள் கை தட்டினார்கள். மாயக்காள் மட்டும் மிஷினை நம்பாமல் ஒருதரம் தன் மூக்காலும் மோந்து பார்த்துக்கொண்டார்.

நானும் அவர்களோடு ஏறினேன். எட்டுப் பேர் உட்காரும் இடத்தில் என்னையும் சேர்த்துப் பதினைந்து பேர். என் மடியில் இரண்டு தூக்குவாளி. பதினேழு கொண்டை ஊசி வளைவு என்று பெயர்ப்பலகை சொன்னது. எட்டாவதிலேயே நான் கண்ணை மூடிவிட்டேன். ஒரு வளைவில் திடீரென்று பேச்சு நின்றது. கண்ணைத் திறந்தேன். அந்த ஜீப் கவிழ்ந்த இடம் அது, மாயக்காள் விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். கீழே பள்ளத்தில் மேகம். செல்வம் அந்த இடத்தில் வண்டியை நடைவேகத்துக்குக் கொண்டுவந்து, ஹாரன் அடித்து, திரும்பினான். தினமும் அப்படித்தான் செய்வான் என்றார்கள். ஸ்காட்லாந்து மலைகளில் பஸ் பிடித்துப் போய் நான் எடுத்த போட்டோக்கள் ஏராளம். இந்த மலையில் கையை விட்டுப் போட்டோ எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எஸ்டேட்டில் ஒரு மணி நேரம் நானும் காய் எடுத்துப் பார்த்தேன். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்கும் என்று இத்தனை வயது வரை நினைத்திருந்தேன். அது அடியில், மண்ணில் கிடக்கிற சரத்தில் காய்க்கிறது. குனிந்தே இருக்க வேண்டும், முற்றியதை மட்டும் எடுக்க வேண்டும். நான் எடுத்ததில் பாதி பிஞ்சு. பக்கத்தில் இருந்தவர் என் கூடையை வாங்கித் தன் காய்களை அதில் போட்டார்.

மத்தியானம் செல்வம் என்னை எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பூப்பாறைக்குக் கூட்டிப்போனான். கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும், தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும். காதில் புகை வந்தது. கடைக்காரர் மலையாளி. எங்கள் பேச்சைக் கேட்டுத் தானும் கலந்துகொண்டார். கேரளத்தில் மதுவுக்கு விலை அதிகம், அதனால் குடிப்பவர்கள் திருந்தினார்களா என்று கேட்டேன். “இவிட வில கூடுதலா சேச்சி. அதுகொண்டு ஞாயிற்றுக்கிழம ஆளுக தாழ போடிக்கு இறங்கும்,” என்றார். மலையின் ஒரு பக்கம் விலை ஏறினால் மறுபக்கம் கூட்டம் சேருகிறது. என் சட்டத்துக்கு இந்தப் பயணத்தில் இரண்டாவது அடி அது.

அந்தக் கடைக்குப் பக்கத்தில் ஒரு நாட்டு மருந்துக்கடை. செல்வத்துக்கு வளைவில் வண்டி ஓட்டி ஓட்டி இடுப்பு வலி. உட்கார்ந்து எழும்போதெல்லாம் பல்லைக் கடித்தான். நான் அவனுக்கு ஒரு அரிஷ்டம் பாட்டில் வாங்கினேன். காலையும் மாலையும் இரண்டு மூடி. விலை மலிவு, இங்கே ஒரு குவாட்டருக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. லேபிளில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று நான் படிக்கவில்லை. மூக்குக்கண்ணாடி பையின் அடியில் கிடந்தது, எடுக்கச் சோம்பல். செல்வம் பாட்டிலைக் கையில் வாங்கி, “இத நான் குடிக்கலாமாக்கா?” என்று கேட்டான். மருந்துதானேடா என்று சிரித்தேன். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. அரிஷ்டம் புளித்துத்தான் மருந்தாகிறது, அதில் மதுச் சத்து இருக்கும் என்று தெரிந்துகொள்ள நர்ஸாக இருக்க வேண்டியதுகூட இல்லை.

மூன்றாம் நாள் காலை. மூடுபனி. செல்வம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாக வந்தான். ஊதினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

பேச்சி தம்பியைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் அரிஷ்டம் நினைவுக்கு வந்தது. நான் முன்னால் போய் எல்லோருக்கும் விளக்கினேன். தப்பு என்னுடையது, நான் வாங்கிக் கொடுத்த மருந்து, இரண்டு மூடி குடித்திருப்பான், வாயில் தங்கியிருக்கிற சத்துதான் மிஷினில் காட்டுகிறது, இருபது நிமிஷம் பொறுத்து ஊதினால் பச்சை எரியும் என்றேன். பேச்சி தலையாட்டினாள். காத்திருந்தோம். மற்ற ஜீப்புகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. செல்வம் வாய் கொப்பளித்துவிட்டு வந்து நின்றான். மறுபடி ஊதினான்.

மறுபடியும் சிவப்பு.

இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று நான் வாயெடுத்தேன். செல்வம் கையைக் காட்டி நிறுத்தினான்.

“அக்கா எனக்காகச் சொல்றாக. ரெண்டு மூடி இல்ல. நாலு மணிக்கு வலி தாங்காம எந்திரிச்சு ரெண்டு மூடி குடிச்சேன். நாக்குல பட்டதும் தெரிஞ்சு போச்சு. மருந்துதானன்னு சொல்லிக்கிட்டே பூராத்தையும் குடிச்சுட்டேன்.”

சாவியைக் கழற்றிப் பேச்சியின் கையில் வைத்தான். தம்பியின் எட்டு மாசம், கவிதாவின் தை மாசம், எல்லாம் அந்தச் சாவியில் இருந்தது. நான் கெஞ்சினேன். மருந்து என்று கொடுத்தவள் நான், இவன் சரக்குக் கடைப் பக்கமே போகவில்லை, இதைக் குடி என்று சொல்லலாமா என்று கேட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமாகவும் இருந்தது.

“உள்ள போனது மருந்தா சரக்கான்னு பள்ளத்துக்குத் தெரியாதுக்கா,” என்றாள் பேச்சி.

பதினான்கு பெண்களும் தூக்குவாளியோடு திரும்பி நடந்தார்கள். வேறு டிரைவர் தேட நேரமில்லை, போகும் ஜீப் ஒன்றும் மிச்சமில்லை. அன்றைய கூலி பதினான்கு பேருக்கும் போனது. அதில் ஒருத்திக்கு மகளின் பள்ளிக்கூடத்தில் பணம் கட்ட அன்றுதான் கடைசி நாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவளும் மற்றவர்களோடு சேர்ந்து நடந்தாள். நான் பின்னாலேயே ஓடி, இது அநியாயம், குடித்தவன் ஒருவன், இழப்பது நீங்கள் எல்லோருமா என்றேன்.

பேச்சி நின்றாள். “வெலய ஏத்துனா குடிக்காதவ வீட்டு முட்டையும் பாலும்தான போகுது. அது அநியாயம்னு ஒங்க சட்டத்துல எழுதியிருக்கா? நான் வெல ஏத்த வேணாம்னு சொல்லல. ஏத்தட்டும். புதுசாக் குடிக்கப் பழகுறவன் நாலு பேராச்சும் பயப்படுவான். ஆனா அந்த வெலய எங்களக் கேட்டு வெக்கல. இது நாங்க பதினாலு பேரும் ஒக்காந்து பேசி வெச்ச வெல. குடுக்கப் போறது நாங்கன்னு தெரிஞ்சுதான் வெச்சோம்.”

கிளாஸ்கோவில் விலையைத் தீர்மானித்தவர்கள் யாரும் மலிவு பாட்டில் வாங்குகிறவர்கள் இல்லை. ஏறிய விலையில் வந்த லாபமும் கடைக்காரர்களுக்குத்தான் போனது, ஹீட்டரை நிறுத்தியவருக்குக் கம்பளி வாங்கித் தரப்படவில்லை. இங்கே அது அரசாங்கக் கஜானாவுக்குப் போகிறது. இரண்டு ஊரிலும் பேச்சியின் முட்டை திரும்பி வரவில்லை. அந்தச் சட்டம் வேண்டாம் என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். என் வார்டில் அந்தச் சட்டத்தால் ஆள் குறைந்து காலியான கட்டில்களை நானே விரித்திருக்கிறேன். ஆனால் அது நியாயமா என்று கேட்டால், முன்போல உடனே ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சாயங்காலம் பெண்கள் பேச்சி வீட்டு வாசலில் கூடினார்கள். செல்வத்தை என்ன செய்வது என்று முடிவு செய்ய வேண்டும். பேச்சி பேசவில்லை, தம்பி விஷயம், நீங்கள் சொல்லுங்கள் என்று விலகிக்கொண்டாள். மாயக்காள்தான் வாயைத் திறந்தார். எனக்குப் பயம். மருமகளைப் பறிகொடுத்தவர், என்ன சொல்லிவிடுவாரோ.

“மொத டிரைவரு ஜீப்பக் கவுத்தான்ல, அவன் கடைசி வரைக்கும் குடிக்கலன்னுதான் சொன்னான்,” என்றார். “இவன் கேக்காமச் சொன்னான். பொய் சொல்றவனுக்கு ஆயுசுக்கும் ஸ்டியரிங் கெடயாது. இவன் முப்பது நாளு காலையில வந்து ஊதட்டும். முப்பதும் பச்சையா இருந்தா சாவி அவனுக்கு.”

பெண்கள் தலையாட்டினார்கள். செல்வம் உள்ளே போய் தேவாரத்துக்குப் போன் போட்டான். கவிதாவிடம் தானே எல்லாவற்றையும் சொன்னான், அரிஷ்டம், சிவப்பு விளக்கு, எல்லாம். அவள், முப்பதாவது நாள் கூப்பிடு, அதற்கு நடுவில் கூப்பிடாதே என்று சொல்லி வைத்துவிட்டாளாம்.

நான்காம் நாள் நான் மதுரைக்குக் கிளம்ப வேண்டும். பஸ் ஏழரைக்கு. ஆறு மணிக்கே ஜீப் நிற்கிற இடத்துக்குப் போனேன். பக்கத்து ஊரிலிருந்து ஒரு வயதான டிரைவரைப் பிடித்திருந்தார்கள். அவர் ஊதினார், பச்சை. பெண்கள் ஏறப் போனார்கள். செல்வம் வருவானா மாட்டானா என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் யாரும் முதல் ஆளாகவும் ஏறவில்லை.

வந்தான். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. சாவி கிடைக்கிறவரை மலையில் காய் எடுக்கும் வேலைக்கு வருவதாகப் பேச்சியிடம் சொல்லியிருக்கிறான். முந்தாநாள்வரை தான் ஓட்டிய ஜீப்பில், ஊர் பார்க்க, பெண்களோடு பின்னால் உட்கார்ந்து போக வேண்டும். மற்ற டிரைவர்கள் டீ கிளாஸோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் என்னமோ சொல்லிச் சிரித்தான். செல்வம் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக மாயக்காள் முன்னால் வந்து நின்றான். நான் புதுக் குழாயைச் செருகினேன்.

ஊதினான். பச்சை.

மாயக்காள் வழக்கம்போலத் தன் மூக்காலும் ஒருதரம் மோந்து பார்த்தார். பிறகு கையை நீட்டி அவன் தூக்குவாளியை வாங்கி, ஜீப்புக்குள் தன் வாளிக்குப் பக்கத்தில் வைத்தார்.

“ஒண்ணு,” என்றார். “ஏறு.”